புது டூல் வந்திருக்கிறது, மாறலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெப் பக்கங்களின் திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு புது டூல் வருகிறது, எதைக் கற்றுக்கொள்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஏஐ டூல்களுக்கு மாதாமாதம் காசு கட்டுவது தகுமா என்றும், ரியாக்ட் ப்ராஜெக்டைத் தொடங்கிக் கட்டித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பில் செய்த அலுவலகப் பழைய ப்ராஜெக்டை, அதே வேலையைச் செய்யும் வீட் என்ற டூலுக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். (வீட் என்றால் பிரெஞ்சில் 'சீக்கிரம்'. 'வைட்' என்று சொல்பவர்களை நான் திருத்துவதில்லை. நானே ஒரு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

எந்தப் புது டூலானாலும், அதற்குள் எவ்வளவு சீக்கிரம் நுழையலாம் என்று நான் பார்ப்பதில்லை. அதை அவர்களே முகப்புப் பக்கத்தில் காட்டிவிடுகிறார்கள்: ஒரு கட்டளை, ஐந்து நிமிடம், பளபளப்பான டெமோ. நான் தேடுவது வெளியே வரும் வழியை. நாளைக்கு அந்தக் கம்பெனி கடையை மூடினால், விலையை ஏற்றினால், இல்லை எழுதியவருக்கே அலுத்துப்போனால், என் கோடும் கிளையன்டின் டேட்டாவும் என் கையில் என்ன வடிவத்தில் மிஞ்சும்? சக்கர வியூகத்துக்குள் போகத் தெரிந்த அபிமன்யுவுக்குத் திரும்பி வரத் தெரியவில்லை. நம் தொழிலில் பாதிப் பேர் அந்த நிலையில்தான் இருக்கிறோம்.

இது படித்து வந்த புத்தி இல்லை, பட்டு வந்தது. சில வருடம் முன்பு ஒரே மாதத்தில் இரண்டு பழைய கிளையன்ட்கள் கூப்பிட்டார்கள். முதல் ஆள் ஜவுளி மொத்த வியாபாரி. அவருக்கு 2013ல் ஒரு சின்னக் கணக்கு சைட் செய்து கொடுத்திருந்தேன். பிஎச்பி என்ற சர்வர் மொழி, கூடவே ஒரே ஃபைலில் அடங்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ், அவ்வளவுதான். ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றுகிறார், புது சர்வரில் வைத்துத் தர வேண்டும். ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து போட்டேன். புது சர்வரில் பிஎச்பி 8 இருந்தது. 'ஈச்' என்ற பழைய ஃபங்ஷனை அதில் எடுத்துவிட்டார்கள், அதனால் இரண்டு இடத்தில் 'ஃபார்ஈச்' என்று மாற்ற வேண்டியிருந்தது. வைத்த டீ ஆறுவதற்குள் சைட் ஓடிவிட்டது.

அடுத்தவர் ஒரு பயிற்சி மையம் நடத்துபவர். அவருடைய சைட்டை 2018ல் அன்றைய நவீன முறையில் செய்திருந்தேன்: கோட் ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் வெப்பேக் 4, சாஸ் மொழியில் எழுதிய ஸ்டைலை சிஎஸ்எஸ் ஆக்கும் நோட்-சாஸ், எல்லாம் பெருமையாக. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பக்கத்தின் அடியில் இருக்கும் போன் நம்பரை மாற்ற வேண்டும். பழைய ப்ராஜெக்டைத் திறந்து, தேவையான பேக்கேஜ்களை (பிறர் எழுதி வைத்த தயார் கோட்) இறக்கித் தரும் என்பிஎம்மில் இன்ஸ்டால் கொடுத்தேன். நோட்-சாஸ் தன் சி++ பகுதியைக் கம்பைல் செய்யப் போய், பழைய பைத்தான் இல்லை என்று கத்தியது. அதைச் சமாதானப்படுத்தினால் பில்ட் (கோடை முடிந்த சைட்டாகக் கட்டுவது) ஆகும்போது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் பெயரில் வேறொரு பிழை. காரணம் என்னவென்றால், 2021 அக்டோபரில் வந்த நோட் 17 (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது நோட்) ஓப்பன்எஸ்எஸ்எல் 3க்கு மாறியது. வெப்பேக் 4 உள்ளுக்குள் எம்டி4 என்ற பழைய ஹாஷைப் (டேட்டாவை ஒரு சின்னக் கைரேகை போலச் சுருக்கும் முறை) பயன்படுத்துகிறது. புது ஓப்பன்எஸ்எஸ்எல் அதைப் பழசு என்று ஓரங்கட்டிவிட்டது. கட்டளையோடு 'லெகசி ப்ரொவைடர்' என்று ஒரு ஃபிளாக் கொடுத்தால் ஓடும், ஆனால் அது ஒட்டுப் போடும் வேலை. கடைசியில் பழைய நோட் 10ஐத் தேடிப் பிடித்து மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் ஏற்றி, பத்து இலக்க எண்ணை மாற்றி அனுப்ப இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளுக்கு என்ன பில் போடுவது? போடவில்லை.

இதில் யாரும் தப்புச் செய்யவில்லை. நோட் முன்னேறியது, ஓப்பன்எஸ்எஸ்எல் பாதுகாப்பைக் கூட்டியது, சாஸ் காரர்கள் பழைய லிப்சாஸைக் கைவிட்டு டார்ட் சாஸுக்குப் போனார்கள். ஆனால் அந்த மூன்று பேருடைய வேகத்துக்கும் என் கிளையன்டின் போன் நம்பரைக் கட்டி வைத்தது நான்தான். அதனால் இப்போது புது டூல் வந்தால் எனக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இது: நான்கு வருடம் கழித்து ஒரு போன் நம்பரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

வெளியேறும் வழி நன்றாக இருந்தால் டூல் செத்தாலும் பரவாயில்லை. ஆட்டம் (Atom) என்ற கோட் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப் செய்தது, ஒரு காலத்தில் எல்லோர் லேப்டாப்பிலும் இருந்தது. 2022 டிசம்பர் 15ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். யாராவது ப்ராஜெக்டை இழந்தார்களா? இல்லை. அது திறந்து வைத்திருந்தது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்களை. காலையில் விஎஸ் கோட் என்ற இன்னொரு எடிட்டரைப் போட்டுக்கொண்டு மதியம் வேலையைத் தொடர்ந்தோம், தீம் கலர் மட்டும்தான் கொஞ்ச நாள் உறுத்தியது. இதே ஒரு டிசைன் டூலாக இருந்தால்? இன்விஷன் என்று ஒன்று இருந்தது, ஃபிக்மாவுக்கு முன் டிசைனர்கள் ப்ரோட்டோடைப் காட்ட அதைத்தான் திறப்பார்கள். 2024 கடைசியோடு அந்தச் சேவை நின்றுபோனது. அதற்குள் இறக்கி வைக்காதவர்களின் வேலை இன்விஷன் சர்வரோடு போனதுதான். ஃபிக்மாவை நான் தினமும் பயன்படுத்துகிறேன், நல்ல டூல். ஆனாலும் ஒரு ப்ராஜெக்ட் முடிந்ததும் முக்கியத் திரைகளை பிடிஎஃப்பாகவும் எஸ்விஜியாகவும் எடுத்து கிளையன்டின் ஃபோல்டரில் போட்டுவிடுவேன். பத்து நிமிட வேலை.

அடுத்து நான் பார்ப்பது, இந்த டூல் தன்னோடு எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதை. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் வண்டி நிறைய வந்து இறங்குவார்களே, அப்படி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை எழுதியவர் ஒரு பெயர்ச் சண்டையில் கோபப்பட்டு என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். மொத்தம் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அது இல்லாமல் பேபல், ரியாக்ட் என்று பெரிய பெரிய ப்ராஜெக்ட்களின் பில்ட் எல்லாம் நின்றது. இன்றைக்கு அந்த வேலையை ஜாவாஸ்கிரிப்டே 'பேட்ஸ்டார்ட்' என்று செய்கிறது, 2017லிருந்து மொழியிலேயே இருக்கிறது.

அது கோபம். அதற்குப் பின் வந்ததெல்லாம் திருட்டு. பழைய பிரவுசர்களுக்கு ஒத்தாசையாக இருந்த பாலிஃபில் டாட் ஐஓ என்ற சேவையின் டொமைன் 2024 தொடக்கத்தில் கை மாறியது. ஜூன் மாதம் பார்த்தால் அதிலிருந்து வந்த ஸ்கிரிப்ட், மொபைலில் வருபவர்களை வேறு சைட்டுகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சைட்டுகளில் அந்த ஒரு வரி இருந்தது. எப்போதோ யாரோ ஒட்டிவிட்டு மறந்துபோன வரி. 2025 செப்டம்பரில் சாக் (chalk), டீபக் (debug) உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திருடும் கோடைக் கலந்துவிட்டார்கள். அவற்றைப் பராமரித்தவருக்கு என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மெயில் வந்தது, அவரும் ஏமாந்துவிட்டார். சுமார் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஒரு வழி இருக்கிறது. கெட்ட பேக்கேஜ் பெரும்பாலும் சீக்கிரம் பிடிபட்டுவிடும், மாட்டிக்கொள்பவர்கள் வெளிவந்த கையோடு அப்டேட் செய்தவர்கள். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் அதே மாதம் 'மினிமம் ரிலீஸ் ஏஜ்' என்று ஒரு அமைப்பைச் சேர்த்தது. நிமிடக் கணக்கில் எண் கொடுத்தால், அத்தனை நிமிடம் பழையதாகாத பேக்கேஜை அது தொடாது. நான் 4320 வைத்திருக்கிறேன், மூன்று நாள். புதுசை எல்லோருக்கும் முன்னால் தொட வேண்டும் என்ற ஆசையை ஒரே வரியில் அடக்கிவிடலாம். உங்கள் டீமில் இன்றைக்கே சொல்லிப் பாருங்கள். யாராவது 'எதற்கு?' என்று கேட்டால் சாக் கதையைச் சொல்லுங்கள்.

ஆன்லைன் டூல்கள் வேறு வகை, ஆனால் பார்வை அதேதான். ஜேசன் வடிவ டேட்டாவை அடுக்கித் தரும் சைட், படத்தைச் சுருக்கும் சைட், லாகின் டோக்கனை உடைத்துக் காட்டும் சைட் என்று ஒரு நாளைக்குப் பத்தாவது திறக்கிறோம். புதுசாகச் சேர்ந்த ஒரு பையன் கிளையன்டின் வாடிக்கையாளர் பட்டியலை, பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் சேர்த்து, ஏதோ ஒரு ஜேசன் சைட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரு தடவை தற்செயலாகப் பார்த்தேன். அடுக்கித் தந்ததோடு, 'சேமித்துப் பகிர' என்று ஒரு பொதுச் சுட்டியையும் அந்த சைட் கொடுத்தது, அவன் அதை அழுத்தியும் இருந்தான். திட்டவில்லை. நானும் அந்த வயதில் செய்திருப்பேன்.

அவனுக்குக் காட்டிய சோதனை இதுதான். டூலைத் திறந்து பக்கம் முழுதாக ஏறியதும் வைஃபையை அணைத்துவிடுங்கள். அப்புறம் வேலை செய்யச் சொல்லுங்கள். செய்தால், வேலை உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது என்று தெரியும். செய்யவில்லை என்றால், நீங்கள் ஒட்டுவது வேறொருவர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. சேமிப்பு பட்டன் ஏதாவது இருந்தால் வைஃபை திரும்பி வந்ததும் அனுப்பிவிடலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். படம் சுருக்க ஸ்க்வூஷ், கூகுள் குரோம் டீம் செய்தது, வைஃபை இல்லாமலே ஓடும். குறியாக்கம், ஹாஷ், டோக்கன் எல்லாவற்றுக்கும் சைபர்செஃப் இருக்கிறது. அதைச் செய்தது பிரிட்டனின் உளவு நிறுவனமான ஜிசிஎச்க்யூ. உளவுக்காரன் செய்த டூலில் பாஸ்வேர்டை ஒட்டச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். அதன் கோட் திறந்தே கிடக்கிறது, முழுவதையும் இறக்கி நெட் இல்லாத கம்ப்யூட்டரில்கூட ஓட்டலாம். யார் செய்தது என்பதை விட எங்கே ஓடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இலவசத் திட்டங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹெரோக்குவின் இலவச சர்வரில் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள், 2022 நவம்பர் 28ஆம் தேதி அது நின்றது. கற்றுக்கொள்ள இலவசத்தைப் பயன்படுத்துங்கள். கிளையன்டின் கடையை அதில் வைக்காதீர்கள். 'பயன்படுத்திய அளவுக்குக் காசு' என்று சொல்லும் சர்வர் என்றால், செலவுக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா என்று முதலில் தேடுங்கள். 2024 பிப்ரவரியில் நெட்லிஃபையில் ஒரு சின்ன சைட் வைத்திருந்தவருக்கு 1,04,000 டாலருக்கு மேல் பில் வந்தது. யாரோ அவர் சைட்டில் இருந்த ஒரே ஒரு பாட்டு ஃபைலைத் திரும்பத் திரும்ப இறக்கியிருக்கிறார்கள். விஷயம் பொதுவெளிக்கு வந்ததும் கம்பெனி பில்லைத் தள்ளுபடி செய்துவிட்டது. எல்லோருடைய பில்லும் பொதுவெளிக்கு வராது.

நான் வைக்கும் இன்னொரு சோதனையை ஆங்கிலத்தில் எழுதும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். புது டூல் எதுவானாலும் அதில் 'ஸ்ரீ', 'கொக்கு', 'பால்' என்று மூன்று சொல் அடித்துப் பார்ப்பேன்.

ஏன் இந்த மூன்று? 'கொ' கண்ணுக்கு ஒரு எழுத்து, உள்ளே க ஒன்று, அதன் குறி ஒன்று. அந்தக் குறி எழுத்தின் முன்னும் பின்னும் போய் உட்கார வேண்டும். எழுத்துருவைச் சரியாகக் கோக்கத் தெரியாத டூல், கொம்பைக் கொண்டுபோய்ப் பின்னால் வைக்கும். பிடிஎஃப் உருவாக்கும் நூலகங்கள் பலவும் இங்கேதான் வழுக்கி விழும். ஒரு கோயில் நன்கொடை ரசீது செய்தபோது, டெமோவில் ஆங்கிலப் பெயர் போட்டுக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டோம். நேரில் வந்த முதல் நன்கொடையாளர் 'பொன்னுச்சாமி'. ரசீதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தது. அந்த மனிதர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு பேருங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து தமிழ் பிடிஎஃப் என்றால் நான் வேறு எதையும் நம்புவதில்லை. பக்கத்தை எச்டிஎம்எல்லில் செய்து, திரையில்லாத குரோமைப் பின்னால் ஓட்டி, அதையே பிரிண்ட் எடுக்கச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கனமான வழிதான், ஆனால் பிரவுசருக்குத் தமிழ் கோக்கத் தெரியும்.

'பால்' எதற்கு? ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளம் 4 என்று வரும்: ப, கால், ல, புள்ளி. 'முதல் மூன்று எழுத்தை மட்டும் காட்டு' என்று ஸ்லைஸ் செய்தால் புள்ளி போய் 'பால' என்று நிற்கும். நீளமான தலைப்பை 60 எழுத்தில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும் டூல் எல்லாம் இந்தக் கூத்தை அடிக்கும். பிரவுசரிலேயே இதற்கு மருந்து இருக்கிறது, 'இன்ட்ல்.செக்மென்டர்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020லேயே வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது, அதுவரை துணிந்து பயன்படுத்த முடியவில்லை. 'ஸ்ரீ' கண்ணுக்கு ஒரே எழுத்து, ஆனால் அதை செக்மென்டரும் இரண்டாகத்தான் எண்ணும்.

இதே வரிசையில் எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும், அந்த 70லும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. எஸ்எம்எஸ் சேவை ஒன்றின் விலைப்பட்டியலை வைத்துக் கிளையன்டுக்கு மதிப்பீடு கொடுக்கும் முன், உண்மையான தமிழ்ச் செய்தியை அதன் கட்டத்தில் ஒட்டி எத்தனை செய்தியாகக் கணக்கிடுகிறது என்று பாருங்கள். நான் பார்க்காமல் ஒரு தடவை மூன்று மடங்கு குறைத்துச் சொல்லிவிட்டேன். டேட்டாபேஸிலும் ஒரு பழைய குழி உண்டு. மைஎஸ்கியூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் இருந்தது எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்து சரியாக மூன்று பைட், அதனால் எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். யாராவது பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்மைலி போட்டவுடன் பிழை. 'எம்பி4' என்று முடியும் வகைதான் முழுசு, மைஎஸ்கியூஎல் 8 முதல் அதுவே இயல்பாக வருகிறது.

ஏஐக்கு வருகிறேன். நான் காசு கட்டித்தான் பயன்படுத்துகிறேன், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தெரியாத கோடைப் படித்து விளக்க, டெஸ்ட் எழுத, பழைய ஜேக்வெரி நூலகத்தில் எழுதியதை இன்றைய ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்ற, எழுத்து வடிவத்தைத் தேடும் ரெஜெக்ஸ் எழுத, இந்த வேலைகளில் எனக்கு நேரம் மிச்சமாகிறது. அல்லது அப்படித் தோன்றுகிறது. தோன்றுகிறது என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025ல் ஒரு சோதனை செய்தது. திறந்த மூல ப்ராஜெக்ட்களில் பழுத்த 16 டெவலப்பர்கள், 246 வேலைகள். ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேடிக்கை அதில் இல்லை. வேலை முடிந்த பிறகும் அவர்கள் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். தங்கள் கைப்படப் பல வருடம் வளர்த்த கோடில் வேலை செய்தவர்கள் அவர்கள், அதற்குப் பின் டூல்களும் மாறிவிட்டன, அதனால் உங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'வேகமாக இருக்கிறது' என்ற உணர்வை நம்பாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

தலைப்பை வெட்டும் அந்த ஃபங்ஷனையே ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன். அழகாக எழுதித் தந்தது, விளக்கக் குறிப்பு, டெஸ்ட் எல்லாம் சேர்த்து. எல்லா டெஸ்டும் பச்சை. டெஸ்ட் எல்லாம் ஆங்கிலத்தில். 'தமிழில் புள்ளி விழுந்துவிடுமே' என்று ஒரு வரி சொன்னதும் உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு செக்மென்டர் வைத்துத் திருத்தித் தந்தது. அதற்குத் தெரியாமல் இல்லை. கேட்கத் தெரிந்தவன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பால், பாலவாக ஆகும் என்று ஒரு தடவை அடிபட்டுத் தெரிந்தவனுக்குத்தான் அந்த ஒரு வரி வாயில் வரும்.

இன்னொன்று, காசுக் கணக்கு. ஏஐ மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக உடைத்து எண்ணுகின்றன. ஏபிஐ வழியாக, அதாவது உங்கள் கோடிலிருந்தே கூப்பிட்டுப் பயன்படுத்தினால், பில் அந்த எண்ணிக்கைக்குத்தான். தமிழுக்கு இது ரொம்ப நாள் அநியாயமாக இருந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐயே ஒரு ஒப்பீட்டைக் காட்டியது: ஒரே தமிழ்ப் பத்தி முன்பு 116 டோக்கன், புதிதில் 35. அதே பத்தி ஆங்கிலத்தில் 27லிருந்து 24. பல மடங்கு கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தோம், இப்போது ஒன்றரை மடங்கு கட்டுகிறோம். தமிழ் சாட்பாட் கேட்டு வரும் கிளையன்டுக்கு ஆங்கில டெமோவை வைத்து விலை சொல்லிவிடாதீர்கள்.

கட்டலாமா என்றால், ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். பல டூல்கள் தனியாளுக்கான திட்டத்துக்கு மாதம் 20 டாலரை ஒட்டி வாங்குகின்றன. தானாகப் புதுப்பிப்பதை அன்றே அணைத்துவிடுங்கள். அந்த மாதத்தில் ஒரு வாரம் வேண்டுமென்றே அதைத் தொடாமல் வேலை செய்யுங்கள். இங்கேயும் வெளியேறும் வழிதான் என் கணக்கு. ஏஐ எழுதிய கோட் வெறும் டெக்ஸ்ட், அந்த வகையில் வெளியேறுவது சுலபம். ஆனால் அந்த சேவை ஒரு மத்தியானம் படுத்துவிட்டால், போன மாதம் அது எழுதிய ஃபைலை நீங்களே திறந்து பிழையைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் கட்டுவதில் தப்பில்லை. இரண்டு வருட அனுபவத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த வாரம் கொஞ்சம் கசக்கும், எனக்கும் கசந்தது.

எதைக் கற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு என் விடை சப்பென்று இருக்கும்: பிரவுசரை. நான் தொழிலுக்கு வந்தபோது ஜேக்வெரி இல்லாமல் எதுவும் ஓடாது. பிரவுசர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டதால் அது தேவைப்பட்டது. அதில் நன்றாக இருந்ததை எல்லாம் பிரவுசர் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. 2017ல் சிஎஸ்எஸ்ஸில் கிரிட் வந்ததும் லேஅவுட்டுக்கென்று நான் தூக்கிச் சுமந்த ஃபிரேம்வொர்க்கை இறக்கி வைத்தேன். பாப்அப் பெட்டிக்கு 'டயலாக்' என்று ஒரு டேகே இருக்கிறது, 2022 மார்ச்சிலிருந்து எல்லா முக்கியப் பிரவுசரிலும். உள்ளே இருப்பதை வைத்து, அதைச் சுற்றியிருக்கும் தாய் டேகை அலங்கரிக்க உதவும் 'ஹேஸ்' என்ற சிஎஸ்எஸ் தேர்வி 2023 டிசம்பரில் ஃபயர்பாக்ஸிலும் வந்து நிறைவானது. உங்கள் ப்ராஜெக்டில் இந்த மூன்றுக்காக எத்தனை பேக்கேஜ் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரவுசரில் ஒன்று சேர்ந்துவிட்டால் அதை அவ்வளவு லேசில் எடுக்கமாட்டார்கள், பழைய சைட்டுகள் உடைந்துவிடுமே. இதைவிட நல்ல உத்தரவாதம் எந்த ஃபிரேம்வொர்க்கும் தராது. எஸ்கியூலைட் மட்டும் விதிவிலக்கு, 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

நோடுக்கு மாற்றாக வந்த பன், டீனோ இரண்டையும் விளையாடிப் பார்த்தேன். பன் வேகம், நிஜமாகவே. டீனோவை எழுதியவர் நோடை எழுதிய அதே ரயன் டால். முதல் தடவை செய்த தப்புகளைத் திருத்துகிறேன் என்று ஆரம்பித்தார், எனக்கு அந்த மனசு பிடித்திருக்கிறது. ஆனால் கிளையன்ட் வேலைக்கு இன்னும் நோட்தான். ரியாக்டின் சர்வர் காம்பொனென்ட்களையும் (சர்வரிலேயே ஓடும் ரியாக்ட் பகுதிகள்) அவசரப்பட்டுத் தொடாதீர்கள். 2025 டிசம்பரில் அதில் அதிகபட்ச அபாய மதிப்பெண்ணான 10 வாங்கிய ஓட்டை வெளிவந்தது. லாகின்கூட இல்லாமல் வெளியாள் உங்கள் சர்வரில் கோட் ஓட்டிவிடலாம் என்ற அளவுக்கு. பிரவுசரில் மட்டும் ஓடும் ரியாக்ட் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கடைசியாக உங்கள் பழைய ப்ராஜெக்ட். மாற்றுங்கள், இதில் எனக்குத் தயக்கமில்லை. கிரியேட் ரியாக்ட் ஆப்பை ரியாக்ட் டீமே 2025 பிப்ரவரியில் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. தனி பிராஞ்சில் செய்யுங்கள். பப்ளிக் ஃபோல்டரில் இருக்கும் இன்டெக்ஸ் ஃபைலை வெளியே வேர் ஃபோல்டருக்குக் கொண்டுவர வேண்டும், அதில் ஸ்கிரிப்ட் டேகை நீங்களே எழுத வேண்டும். ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் போல எழுதுவது) எழுதியிருக்கும் ஃபைல்களின் பின்னொட்டை ஜேஎஸ்எக்ஸ் என்றே மாற்றிவிடுங்கள். 'ரியாக்ட்_ஆப்' என்று தொடங்கும் சூழல் மாறிகள் (கோடுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்புகள்) எல்லாம் 'வீட்' என்று தொடங்க வேண்டும், கோடில் கூப்பிடும் முறையும் மாறும். அவற்றைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த முன்னொட்டு உள்ள எதுவும் பிரவுசருக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பழைய டூலிலும் அப்படித்தான். நாங்கள் ஒரு ப்ராஜெக்டை மாற்றும்போது பேமெண்ட் சேவையின் ரகசியச் சாவி இரண்டு வருடமாக அந்த வழியில் வெளியே கிடந்ததைக் கண்டோம். மாற்றும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சாவியை மாற்றினோம்.

மொத்தம் ஒன்றரை நாள் ஆனது, அதில் அரை நாள் வீண். எல்லாம் சரியாக ஓடுகிறது, சைட்டை சர்வருக்கு ஏற்றும் டெப்ளாய் பச்சை காட்டுகிறது, ஆனால் சைட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. கேஷை அழித்தோம், சைட்டின் நகலைப் பல இடங்களில் வைத்துத் தரும் சிடிஎன்னைத் திட்டினோம், ஒருவர் போனை ரீஸ்டார்ட் செய்தார். பழைய டூல் முடிந்த சைட்டை 'பில்ட்' என்ற ஃபோல்டரில் வைக்கும், வீட் 'டிஸ்ட்' என்ற ஃபோல்டரில் வைக்கும். எங்கள் ஸ்கிரிப்ட் போன வாரத்து 'பில்ட்' ஃபோல்டரையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய ஃபோல்டரை முதலிலேயே அழித்துவிடுங்கள்.